அத்தை வாங்கி வைத்த டயட் கலர்

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வருகிற கேள்வி "கலர் குடிக்கிறீங்களா?" பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். வாசலில் நிற்கிற ஏதாவது ஒரு பையன் கையில் காசைத் திணித்து முக்குக் கடைக்கு விரட்டிவிடுவார்கள், நாம் "வேண்டாங்க, இப்பதான் டீ குடிச்சேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் ரெண்டு பாட்டிலோடு ஓடி வந்திருப்பான். மன்னார்குடியோ நீடாமங்கலமோ வலங்கைமானோ, எங்கே போனாலும் இதே கதைதான். அதைத் தொடாமல் எழுந்து வந்தால் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.

எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகி 14 மாதம் ஆகிறது. 131 கிலோ இருந்தேன், இப்போது 86. இதைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துகொள்ள யோசிக்கிறவர்கள், ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் எல்லாம் எனக்கு போன் செய்கிறார்கள். செலவு கேட்பார்கள், வலி கேட்பார்கள், கடைசியில் போனை வைக்கப் போகும்போது கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்பார்கள் பாருங்கள், "அண்ணே, சர்க்கரை இல்லாத டயட் கலர்தானே, அது குடிக்கலாம்ல?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பங்குனி, சித்திரை மாதங்களில்தான் எங்களுக்கு வேலை குவியும். வோல்டேஜ் இறங்கி போர்செட் மோட்டார்கள் வரிசையாகப் புகையும், ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்களோ இல்லையோ குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்தாக வேண்டும் என்று ஆட்கள் எரிந்த மோட்டாரோடு காலையிலேயே வந்து நிற்பார்கள். கருகின கம்பியை வெட்டி உருவி, ஸ்லாட்டில் பேப்பர் வைத்து, புதுக் காயிலை இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும், அத்தனையும் தகரக் கூரைக்குக் கீழே. அந்தச் சூட்டுக்கும் வார்னிஷ் வாடைக்கும் தொண்டையில் சுரீரென்று இறங்குகிற ஒன்று கேட்கும். முதலில் சாதா கோலா குடித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளைக்கு மூன்று நாலு பாட்டில் கூடப் போகும். 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஏழெட்டு டீஸ்பூன், அதுவெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள். சர்க்கரை நோய் வந்த பிறகுதான் டயட்டுக்கு மாறினேன். தஞ்சாவூர் போகும்போதெல்லாம் 24 கேன் உள்ள அட்டையாக வாங்கி பட்டறை பிரிட்ஜில் அடுக்கிவைப்பேன். சர்க்கரையே இல்லை, பிறகென்ன என்று நிம்மதியாகக் குடித்தேன்.

எடை மட்டும் ஏறிக்கொண்டேதான் போனது. என் உயரம் 168 செ.மீ., அதற்கு 131 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண், 46-ஐத் தாண்டிவிட்டது. நம் நாட்டில் இந்த ஆபரேஷனுக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு 37.5, சர்க்கரை மாதிரி கூடவே நோய் இருந்தால் 32.5. நான் இரண்டையும் எப்போதோ தாண்டியிருந்தேன். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்லீவ் என்கிற முறையில் செய்தார்கள். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிச்சம் இருப்பது வாழைப்பழ வடிவத்தில் நீளமாக ஒரு குழாய். ஒரு லிட்டருக்கு மேல் தாங்கிய வயிறு இப்போது 100, 150 மில்லிதான் கொள்ளும். பைபாஸ் என்று இன்னொரு முறை இருக்கிறது, அதில் மேலே விடும் பை இதை விடச் சின்னது, 30 மில்லி போலத்தான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் குடிக்கிற சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். 30 மில்லி. அதைப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா, பரணில் இருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டியது, அப்புறம் என் மகளுக்கும் அதேதான். அதன் மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெந்நீர், பருப்புத் தண்ணீர், வடிகட்டின மோர் என்று முதல் ரெண்டு வாரம் போனது. அந்தப் பாலாடைதான் எனக்கு அளவைக் கற்றுக்கொடுத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்தார். அதில் தடித்த எழுத்தில் கேஸ் உள்ள பானம் எதுவும் கூடாது என்று இருந்தது. "டயட் கூடவா மேடம்?" என்று கேட்டேன். "டயட்னா சர்க்கரை இல்லைன்னுதான் அர்த்தம், காத்து இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். புரிந்துகொள்ள ஐந்து மாதம் ஆனது.

ஐந்தாம் மாதம் நீடாமங்கலத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து அரை இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு வாய்ப் பொங்கல் சாப்பிட்டேன். அதுவே கொஞ்சம் அதிகம், பேச்சு சுவாரஸ்யத்தில் வேகமாகவும் சாப்பிட்டுவிட்டேன். நெஞ்சில் அடைத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டு அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் விதி, அதையும் மீறி, டயட் கேன் ஒன்று ஐஸ் பெட்டியில் கிடந்ததை எடுத்தேன். மச்சான் ஒருத்தர் பக்கத்தில் நின்று "குடிங்க மாப்ள, ஒரு ஏப்பம் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார். நாலு மடக்குதான் குடித்திருப்பேன்.

ஏப்பம் வரவில்லை. நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ உள்ளிருந்து கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி ஆரம்பித்து முதுகு வரைக்கும் போனது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறிக்கொண்டே இருந்தது, துப்பித் துப்பி மாளவில்லை. சட்டை முழுக்க வியர்வை. மண்டபத்துக்குப் பின்னால் அண்டா கழுவுகிற இடத்தில் ஒரு கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன், என் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள், நாதஸ்வரச் சத்தம் கேட்டது, தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. ஒரு முக்கால் மணி நேரம். கடைசியில் கொஞ்சம் நுரையாக வாந்தி வந்து, அதற்கப்புறம்தான் இறங்கியது. அன்று ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல், தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மறுநாளே திருச்சிக்குப் போய்ப் பார்த்தோம். ஆபத்து எதுவும் இல்லை. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் வயிற்றை வரைந்து காட்டிச் சொன்னதை என்னால் மறக்க முடியாது. சாதாரண வயிற்றுக்கு மேற்பக்கம் குடை மாதிரி விரிந்து கொடுக்கிற ஒரு பகுதி இருக்கிறது. நாம் விழுங்குகிற காற்று போய்த் தங்குகிற இடம் அது, ஏப்பம் கிளம்புவதும் அங்கிருந்துதான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் அங்கேதான் என்பதால் ஸ்லீவில் அந்தப் பகுதியைத்தான் முக்கியமாக வெட்டி எடுக்கிறார்கள். மிச்சம் இருக்கிற குழாய்க்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல், நடுவில் விரிந்து கொடுக்க இடமில்லை. உள்ளே அழுத்தம் எப்போதும் கூடுதல். அதில் சாப்பாடும் இருந்து, மேலே கேஸையும் அனுப்பினால் அது போவதற்கு வழி எங்கே?

சரி, எவ்வளவு கேஸ் இருக்கும் அதில்? கோலா மாதிரிப் பானங்களில் திரவத்தின் கன அளவைப் போல மூன்று, நாலு மடங்கு கரியமில வாயுவைக் கரைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு கேன் முழுக்கக் குடித்தால் ஒரு லிட்டர் வரை கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வயிற்றுக்குள் வெளிவராது, ஊற்றும்போது கொஞ்சம் போகும், வாயில் கொஞ்சம் போகும். மிச்சத்துக்கே 150 மில்லி குழாய் எம்மாத்திரம்.

இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹைரம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் 1870-களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது, நம் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக் கோலியைக் கழுத்தில் ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்துப் பிடித்திருக்க மூடி, கம்பி எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற கேஸ்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. கட்டை விரலை வைத்து நாம் எவ்வளவு பலமாக அழுத்தினால் அது உள்ளே விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் அழுத்தியது அதே கட்டை விரல்தான்.

உள்ளூர் சோடா என்றால் பரவாயில்லையா என்றும் கேட்கிறார்கள். 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டு கோலா விற்க மாட்டோம் என்று நம் வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது நானும் பன்னீர் சோடா, பொவண்டோ என்று மாறி ரொம்பப் பெருமையாகக் குடித்தவன்தான். ஊர்ப் பாசம் வேறு, இது வேறு. நம் ஊர் கேஸும் கேஸ்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகைப்படுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. கேஸ் பானம் குடித்தால் வெட்டித் தைத்த வயிறு மறுபடி நிரந்தரமாக விரிந்துவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அப்படி உறுதியாக நிரூபித்த ஆய்வு இல்லை என்று அவரே சொன்னார். ஒரு வருடம் கழித்து அளவாகக் குடித்து ஒன்றும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆனால் ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் சாதாரணமாகவே அதிகம், கேஸ் அதைக் கிளப்பிவிடும். அப்புறம் எங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும், ஒன்றரை லிட்டர் தண்ணீர் போக வேண்டும், இரும்பு, கால்சியம், பி12, டி எல்லாம் ஆயுளுக்கும் மாத்திரையாகப் போக வேண்டும். 150 மில்லி இடத்தை வைத்துக்கொண்டு இத்தனையையும் ஒரு நாளுக்குள் முறை வைத்து அனுப்புவது கடைமடை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. அதில் ஒன்றுக்கும் உதவாத நுரைக்கு மடையைத் திறந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

கேஸை இறக்கிவிட்டுக் குடித்தால்? செய்து பார்த்தேன். கேனை உடைத்து டம்ளரில் ஊற்றி, ஸ்பூனால் கலக்கி, நுரை அடங்க அடங்கத் திரும்பக் கலக்கி, அப்படியே ஒரு ராத்திரி மூடாமல் வைத்து மறுநாள் குடித்தேன். வலி இல்லை. ஆனால் கேஸ் போன பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நாக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பு, கொஞ்சம் காஃபின், அடிநாக்கில் விடாமல் ஒட்டிக்கொள்கிற ஒரு தித்திப்பு. அதைக் குடித்த அரைமணி நேரத்தில் மிக்சர் வேண்டும் என்று கை தேடியது. பழைய நாட்களில் கேனும் மிக்சர் பொட்டலமும் எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கிறது, எடை ஏறியது எந்த வழியாக என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இனிப்பூட்டி பற்றிப் பயந்து கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டயட் பானங்களில் போடுகிற அஸ்பார்டேம் என்கிற இனிப்பூட்டியை 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம் என்கிற 2பி பிரிவில் சேர்த்தது. அதே நேரத்தில் ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்கிற பழைய வரம்பு மாறவில்லை. 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் தினம் 9 முதல் 14 கேன் வரை குடிக்க வேண்டும். அதனால் அந்த பயத்தில் நான் விடவில்லை. அதற்கு முன்னால் மே மாதம் உலக சுகாதார நிறுவனம் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. ஆனாலும் என் மிக்சர் அனுபவத்துக்கு அது பொருந்தித்தான் வந்தது.

டயட் கூடாது என்றால் சாதா கலர் குடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் புரிந்துகொள்ளாதீர்கள். அது இன்னும் மோசம். திட உணவு மாதிரி அது வயிற்றில் தங்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், எவ்வளவு குடித்தாலும் நிறைந்த மாதிரி இருக்காது. பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தச் சர்க்கரை நேராகக் குடலில் போய் விழுந்து வியர்த்து, படபடத்து, தலை சுற்றிப் படுக்கவைத்துவிடும். மதுவோடு சோடா கலந்து குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும்.

இதில் எனக்கு உண்மையிலேயே மனசு பதறுகிற ஒன்று இருக்கிறது. நம் ஊரில் மேல்வயிறு வலித்தாலும் நெஞ்சு வலித்தாலும் முதலில் சொல்வது "கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடி." ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட வாய்ப்பு இருக்கிறது. காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, விடாத வயிற்று வலி, தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் சோடா, ஓமத் தண்ணீர் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ராத்திரி 2 மணி என்றாலும் கிளம்புங்கள். ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும்தான் சொல்கிறேன், மாரடைப்பைக் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டே நேரத்தை விட்டவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் குடிப்பது என்ன என்றால், பெரும்பாலும் தண்ணீர்தான். காலையில் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போதே ஒரு பாட்டில் கையில் இருக்கும், பத்தடிக்கு ஒரு வாய். பட்டறையில் மண்பானை வைத்து வெட்டிவேர் போட்டிருக்கிறேன். மதியம் நீர்மோர். நன்னாரி சர்பத்தில் சர்க்கரைப் பாகுதான் அதிகம், அதனால் வேரை மட்டும் தட்டிப் போட்டு ஊறவைத்த தண்ணீர். காப்பி காலையில் அரை டம்ளர், அதுவும் மாத்திரைக்குக் கொஞ்சம் தள்ளி. சாயங்காலம் 4 மணிக்குத்தான் ரொம்ப நாள் கஷ்டமாக இருந்தது. அந்த நேரத்தில் பட்டறைப் பையன்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டில் உடைப்போம், அந்த 'புஸ்' சத்தம் கேட்டால்தான் அன்றைய வேலை பாதி முடிந்த மாதிரி. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெஞ்ச்தான் என்று தெரிய கொஞ்ச நாள் பிடித்தது. இப்போதும் 4 மணிக்கு அங்கேதான் உட்காருகிறேன், கையில் மோர் டம்ளரோடு.

மாசி மாதம் வலங்கைமானில் அத்தையைப் பார்க்கப் போயிருந்தோம். அத்தைக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. நான் சர்க்கரை சேர்க்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முக்குக் கடையில் டயட் கலர் கிடைக்காது என்று பஸ் ஏறிக் கும்பகோணம் போய், கடை கடையாகக் கேட்டு ஒரே ஒரு கேன் வாங்கி வந்து பிரிட்ஜில் வைத்திருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டியது. "சக்கரை இல்லாததுப்பா, உனக்குன்னே வாங்கினேன்." கேன் ஜில்லென்று கையில் இருக்கிறது, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எப்படிச் சொல்வது?

மறைக்காமல் சொன்னேன். "அத்தை, சக்கரை இல்ல, ஆனா காத்து இருக்கு. அந்தக் காத்துக்கு என் வயித்துல இப்ப இடம் இல்ல. நீ ஒரு மோர் கொடு, அது போதும்." அத்தை ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனது. இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது, பெருங்காய வாசனை வந்தது, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு வடிகட்டிய நீர்மோர் பெரிய எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அதில் பாதியை நான் குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அத்தை எதிரிலேயே உட்கார்ந்து நடவு ஆள் கிடைக்காத கதை, மருமகள் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் கலரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு "வர்றேன் அத்தை" என்று எழுந்து போன நாட்களில் இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

அந்தக் கேன் இன்னும் அத்தை வீட்டு பிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. போன வாரம் போனபோது பேரன் அதை எடுக்கப் பார்த்தான், அத்தை பிடுங்கி வைத்தது. "சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு அதுலயே போட்டிருக்காமே, மாமா சொல்லிச்சு" என்று சொல்லிவிட்டு அவனுக்கும் ஒரு டம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தது.